திரையில் நம்ம காரணமும் இருக்கணும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் இந்த ஆர்.கே.பேட்டைப் பக்கத்துப் பொண்ணுதான். வீட்டில் தறி. அம்மா குழுவில் உறுப்பினர். பிளஸ் டூ முடித்துவிட்டு திருவள்ளூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். வண்டிகளுக்குள்ளே ஓடும் வயர்களைக் கட்டுக் கட்டாகச் செய்து கொடுக்கும் கம்பெனி. முதல் அஞ்சு வருஷம் லைனில் ஆபரேட்டர். இப்போது அதே கம்பெனியில் உற்பத்திப் பதிவு வேலை. ஆபரேட்டர் பார்க்கும் திரையில் என்ன வரணும், எந்த பட்டன் எங்கே இருக்கணும் என்று அமைப்பதுதான் இப்போது என் வேலையில் பெரும்பங்கு.

“நீ கம்ப்யூட்டர் படிக்கவே இல்லையே, திரை எப்படி செய்யறே? அதை எங்க பொம்பளைங்களுக்குப் புரியற மாதிரி சொல்லு” என்று தலைவி அக்கா கேட்டார். அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். இதற்கு “லோ-கோடு” என்று பேர். பேரைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். நீங்கள் ஏற்கெனவே பாதி தெரிந்து வைத்திருக்கும் விஷயம்தான்.

பலகையும் திரையும்

நம்ம ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் காலையில் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். சிலர் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ரூம் எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறார்கள். அவர்கள் நிற்கும் இடத்தில் மெஷினோடு சேர்த்து ஒரு திரையும் இருக்கும். ஷிப்ட் தொடங்கும்போது அதில் அட்டையைக் காட்டணும். எத்தனை பீஸ் முடிந்தது என்று அதில் ஏறும். மெஷின் நின்றால் ஏன் நின்றது என்று அதில் ஒரு பட்டனை அமுக்கணும்.

முன்னெல்லாம் இதே கணக்கை சூப்பர்வைசர் ஒரு பலகையில் சாக்பீஸால் எழுதுவார். அவரிடம் பேசலாம், சண்டைகூடப் போடலாம். “சார், பத்து மணிக்குக் கரண்ட் போச்சே, அதையும் எழுதுங்க” என்றால் முனகிக்கொண்டே எழுதுவார். திரையிடம் அப்படிப் பேச முடியாது. அதில் என்ன பட்டன் இருக்கிறதோ அதைத்தான் அமுக்க முடியும்.

எங்கள் லைனில் முதலில் இருந்த திரையில் மெஷின் நின்றதற்கு அஞ்சே அஞ்சு காரணம் இருந்தது. மெஷின் பழுது, மின்தடை, டூல் மாற்றம், சாப்பாட்டு இடைவேளை, ஆபரேட்டர் தாமதம். அதுவும் இங்கிலீஷில். ஆனால் நிஜத்தில் லைன் எதனால் நிற்கும்? வயர் தள்ளுவண்டி ஸ்டோரிலிருந்து வராமல் நிற்கும். வெட்டி வந்த வயர் அளவு குறைவாக இருந்து திருப்பி அனுப்பினால் நிற்கும். லேபிள் பிரின்டர் சிக்கிக்கொண்டால் நிற்கும். பக்கத்தில் புதுசா சேர்ந்த பொண்ணுக்குக் கற்றுக்கொடுத்தால் கொஞ்சம் நிற்கும். இதற்கெல்லாம் பட்டன் கிடையாது. அப்போ எதை அமுக்குவோம்? வேறு வழியில்லாமல் “ஆபரேட்டர் தாமதம்”.

மாசக் கடைசியில் அந்தக் கணக்கைப் பேர் போட்டு வாசிப்பார்கள். யார் பேருக்கு நேரே தாமதம் அதிகமோ அவளுக்கு ஊக்கத்தொகை குறையும். ஸ்டோரில் வண்டி தள்ள ஆள் பத்தாததற்கு லைனில் நிற்கிற பொண்ணுக்குக் காசு போகும். யாரும் வேணும்னு செய்த கெடுதல் இல்லை. கணக்கு அப்படித்தான் சொன்னது. நான் அப்போது புரிந்துகொண்டது ஒன்றுதான்: திரையில் இல்லாத காரணம், நடக்காத காரணம் ஆகிவிடும்.

சரி, ஒரு பட்டன் சேர்த்துக் கொடுங்க என்று கேட்டோம். சூப்பர்வைசர் நல்ல மனுஷர், மேலே சொன்னார். பதில் என்ன வந்தது தெரியுமா? இது வெளியிலிருந்து வாங்கின சாஃப்ட்வேர். ஒரு பட்டன் சேர்க்கணும்னாலும் எழுதிக் கேட்கணும், அவர்கள் விலை சொல்லணும், மேலிடம் ஒப்புக்கணும், பிறகு அவர்கள் வரிசையில் நம்ம முறை வரணும். மாசக்கணக்கில் ஆகும். இரும்பு உருட்டும் ஆலைக்கும் பிஸ்கட் செய்யும் ஆலைக்கும் வயர் கட்டும் ஆலைக்கும் சேர்த்து ஒரே அச்சில் வார்த்த சாஃப்ட்வேர் அது. நம்ம லைனுக்குத் தள்ளுவண்டி ஒரு பிரச்சினை என்று அதைச் செய்தவருக்கு எப்படித் தெரியும்?

மாவு பாக்கெட் கதை

இந்த இடத்தில்தான் லோ-கோடு வருகிறது. சாதாரணமாக ஒரு சாஃப்ட்வேர் செய்ய ஆயிரக்கணக்கான வரி நிரல் எழுதணும். அதற்குத் தனிப் படிப்பு, வருஷக்கணக்கில் பழக்கம் வேணும். லோ-கோடு என்றால் அந்த நிரலை மிகக் குறைவாக எழுதி வேலையை முடிப்பது.

கடையில் மாவு பாக்கெட் வாங்கி வருகிறோம் இல்லையா, அதுபோல. அரிசி ஊறவைத்து, அரைத்து, புளிக்கவைக்கும் வேலையை வேறொருத்தர் செய்து வைத்துவிட்டார். ஆனால் தோசையா ஊத்தப்பமா, வெங்காயம் போடணுமா வேண்டாமா, யாருக்கு முறுகல் வேணும், இதெல்லாம் நம்ம கையில். லோ-கோடு கருவியில் எண் போடும் கட்டம், தேதிக் கட்டம், போட்டோ எடுக்கும் கட்டம், பட்டன், பட்டியல் எல்லாம் தயாராக இருக்கும். வேண்டியதை இழுத்து வேண்டிய இடத்தில் வைக்கணும். பிறகு விதி சொல்லணும். “இந்தப் பட்டனை அமுக்கினால் மணியைக் குறித்துக்கொள். பத்து நிமிஷம் தாண்டினால் ஸ்டோர் அண்ணனுக்கு மெசேஜ் அனுப்பு.” சில இடங்களில் மட்டும் ரெண்டு மூணு வரி எழுத வேண்டியிருக்கும். அதனால்தான் “லோ”.

இதில் எது கஷ்டம் என்று கேட்டால், இழுத்து வைப்பது கஷ்டமில்லை. என்ன கட்டம் வேணும், எது வேண்டாம் என்று தெரிவதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டமான பாதி உங்களுக்கு வரும். தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரியில் குழுக்கள் தொடங்கின நாளிலிருந்து பெண்கள் நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு. லேட்டா வர்றவங்களுக்கு அபராதம்னு குழு முடிவு பண்ணினால், ஊக்குநர் அக்கா ஸ்கேல் வைத்துப் புதுசா ஒரு கட்டம் போடுவார். யாரிடமும் அனுமதி கேட்டு, விலை கேட்டுக் காத்திருக்க மாட்டார். திரையிலும் அப்படி நாமே ஒரு கட்டம் போட முடிந்தால், அதுதான் லோ-கோடு.

தறியிலிருந்து வந்த வழி

இது என்னமோ புதுசா வானத்திலிருந்து குதித்தது என்று நினைக்க வேண்டாம். தறிக்காரக் குடும்பத்துக்கு இது பழைய சங்கதி. ஜக்கார்டு பெட்டி எல்லாருக்கும் தெரியும். மேலே அட்டை மாலை மாலையாகத் தொங்கும். அட்டையில் எங்கே ஓட்டை இருக்கிறதோ அதன்படி பாவு நூல் தூக்கும், பூ விழும். பிரான்சு நாட்டில் லியோன் நகரத்தில் ஜக்கார்டு என்பவர் 1804-ல் கொண்டுவந்தது. டிசைன் மாற்றத் தறியை உடைத்துக் கட்ட வேண்டியதில்லை, அட்டையை மாற்றினால் போதும். மெஷின் அதேதான், கட்டளை மட்டும் வேறே. கம்ப்யூட்டருக்கு ஓட்டை போட்ட அட்டையில் கட்டளை கொடுக்கும் யோசனை அங்கேயிருந்துதான் போனது.

இன்னொரு தறிக் கதையும் சொல்கிறேன். டொயோட்டா கார் தெரியும். அந்தக் குடும்பம் முதலில் தறி செய்த குடும்பம். சாகிச்சி டொயோடா என்ற ஜப்பான்காரர் 1924-ல் முடித்த தானியங்கித் தறியில், நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். அறுந்த நூலோடு ஓடிச் சேலை வீணாகாது. பிற்பாடு அவர்கள் கார் கம்பெனியில் அதே கொள்கையை மனுஷருக்கும் கொண்டுவந்தார்கள். லைனில் நிற்கும் தொழிலாளி ஏதாவது தப்பாக இருப்பதைப் பார்த்தால், தலைக்கு மேலே இருக்கும் கயிற்றை இழுக்கலாம். விளக்கு எரியும். உதவிக்கு ஆள் வரும். சரியாகவில்லை என்றால் லைனையே நிறுத்தலாம். “ஏன் நிறுத்தினே?” என்ற கேள்வி குற்றம் சாட்டுவதற்கு இல்லை, காரணம் தெரிந்துகொள்வதற்கு. நான் சொல்கிற திரையும் அந்தக் கயிறு மாதிரி இருக்கணும் என்பதுதான் என் ஆசை.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலையில், மாடல் மாறும்போதெல்லாம் ரிலே பெட்டிகளின் வயரிங்கைப் பிரித்துக் கட்ட வேண்டியிருந்தது. அதற்குப் பதிலாக 1969-ல் மோடிகான் என்ற கட்டுப்பாட்டுக் கருவி வந்தது. அதற்குக் கட்டளை எழுதும் முறை ஏணி மாதிரி இருக்கும் ஒரு படம். ஏன் அப்படி? ஆலை எலக்ட்ரீஷியன்கள் வயரிங் படத்தை அப்படித்தான் வரைவார்கள். அவர்களைக் கம்ப்யூட்டர் பாஷை படிக்கச் சொல்லாமல், கம்ப்யூட்டரை அவர்கள் படத்தைப் படிக்க வைத்தார்கள். இன்றைக்கும் உலகம் முழுக்க ஆலைகளில் அந்த ஏணிப் படம் ஓடுகிறது. 1979-ல் கணக்குக் கட்டம் போடும் விசிகால்க் என்ற சாஃப்ட்வேர் வந்தது. நிரல் எழுதத் தெரியாத கணக்குப்பிள்ளைகள்கூடத் தங்களுக்கு வேண்டிய கணக்கைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள். இன்றைய எக்ஸெல் அந்த வம்சம்தான்.

“லோ-கோடு” என்ற பேரை 2014-ல் ஃபாரெஸ்டர் என்ற ஆய்வு நிறுவனம் வைத்தது. ஆனால் பேர் வைக்கும் முன்பே பிள்ளை பிறந்துவிட்டது. நம்ம சென்னையைச் சேர்ந்த ஜோஹோ நிறுவனம் “ஜோஹோ கிரியேட்டர்” என்ற இப்படிப்பட்ட கருவியை 2006-லேயே வெளியிட்டது. கூகுளிடம் “ஆப்ஷீட்” இருக்கிறது, 2020-ல் வாங்கினார்கள். மைக்ரோசாஃப்டிடம் “பவர் ஆப்ஸ்” இருக்கிறது. மும்பையிலிருந்து வரும் “ஈஆர்பி நெக்ஸ்ட்” திறந்த மூல சாஃப்ட்வேர், உள்ளே திறந்து பார்த்து மாற்றிக்கொள்ளலாம். ஆலைத் தளத்துக்கென்றே செய்த “டியூலிப்” போன்றவையும் உண்டு. எதை வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான் என்று தெரிந்தால் போதும்: வேலை தெரிந்தவர் கையில் கருவியைக் கொடுப்பது.

எங்கள் லைனில் செய்தது

எங்கள் கம்பெனிக்குப் புதுசா வந்த ஒரு இன்ஜினீயர் தம்பி, ஒரே ஒரு லைனுக்கு மட்டும் இப்படி ஒரு திரை செய்து பார்க்கலாம் என்று அனுமதி வாங்கினார். “அக்கா, எனக்குக் கருவி தெரியும், லைன் தெரியாது. நீங்க வாங்க” என்றார். அப்படித்தான் நான் உள்ளே போனேன்.

முதல் வாரம் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தோம். மெஷின் நின்றால் ஏன் என்று உங்க பேச்சிலேயே எழுதுங்க, பேர் எழுத வேண்டாம் என்றோம். “வண்டி வரல”, “வயர் குட்டை”, “லேபிள் மாட்டிக்கிச்சு”, “புதுப் பொண்ணு”, “சார் கூப்பிட்டார்”. கும்பலாகச் சீட்டு சேர்ந்தது. ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்து அடுக்கினோம். ஒன்பது காரணம் நின்றது. அதன் பிறகுதான் திரை.

பட்டனில் அவர்கள் எழுதின சொல்லையே வைத்தோம். “மெட்டீரியல் அன்அவெய்லபிள்” இல்லை, “வண்டி வரலை”. தெலுங்கு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், வடக்கிலிருந்து வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு பட்டனிலும் ஒரு படம். வண்டிப் படம், வயர் படம், பிரின்டர் படம். கையுறை போட்ட விரல் அமுக்கும் அளவுக்குப் பெரிய பட்டன். அடிக்கடி வரும் காரணம் கட்டைவிரல் எட்டும் இடத்தில். “ஆபரேட்டர் தாமதம்” என்ற பட்டனையே எடுத்துவிட்டோம். தாமதம் என்பது காரணம் இல்லை, விளைவு. வண்டி வராததால் வருவது தாமதம்.

நாலு நாள் ஓட்டிப் பார்த்தோம். பிள்ளைகள் குறை சொன்னார்கள், அன்றைக்கே மாற்றினோம். இதுதான் பெரிய வித்தியாசம். முன்பு மாசக்கணக்கு, இப்போது மதியச் சாப்பாட்டுக்குள். கொஞ்ச நாளில் எதனால் அதிகம் நிற்கிறது என்று பட்டியலே சொல்லிவிட்டது. வண்டிதான். ஷிப்ட் மாறும் நேரத்தில் ஸ்டோரில் ஆள் மாறுவதால் வண்டி கிளம்பவில்லை. ஷிப்ட் முடியும் முன்பே அடுத்த ஷிப்டுக்கு முதல் வண்டியை ஏற்றி வைப்பது என்று முடிவானது. ஒரு பைசா செலவில்லை. அதே ஆட்கள், அதே மெஷின். மாசக் கடைசியில் பேர் வாசிக்கும் வழக்கமும் அந்த லைனில் நின்றது. வாசிக்க வேண்டியது ஆள் பேர் இல்லை, காரணத்தின் பேர் என்று கணக்கே காட்டிவிட்டதே.

இங்கே ஒரு சண்டையையும் சொல்லணும். பாத்ரூம் போவதற்கு ஒரு பட்டன் வேணும், யார் எத்தனை நிமிஷம் என்று தெரியணும் என்று மேலிருந்து ஒருத்தர் கேட்டார். செய்வது சுலபம், ரெண்டு நிமிஷ வேலை. அதுதான் பயமே. பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை. மாதவிலக்கு நாளில் ஒருத்தி ரெண்டு தடவை கூடப் போவாள், அதை எதற்குத் திரையில் எழுதணும், யார் யார் பார்ப்பார்கள் என்று கேட்டார்கள். நானும் அவர்கள் பக்கம் நின்றேன். பல நாள் பேச்சு நடந்தது. கடைசியில் “இடைவேளை” என்று ஒரே பட்டன், லைனுக்கு மொத்தக் கணக்கு மட்டும், ஆள் பேர் இல்லை என்று நின்றது. அவர் இன்னும் முழு மனசோடு ஒப்புக்கொள்ளவில்லை. மறுபடியும் கேட்கக்கூடும். அதனால்தான் சொல்கிறேன், திரை செய்யும் அறையில் நம்ம ஆள் ஒருத்தி உட்கார்ந்திருக்கணும். எந்தக் கட்டம் போடணும் என்பதைப் போல, எந்தக் கட்டம் போடவே கூடாது என்று சொல்லவும் ஆள் வேணும்.

தொழிலுக்குத் தொழில் கேள்வி வேறே

கருவி ஒன்றாக இருக்கலாம், கட்டம் தொழிலுக்குத் தொழில் மாறும். கும்மிடிப்பூண்டி பக்கம் இரும்பு உருட்டாலை, வார்ப்பாலைகளில் சூடு எத்தனை, எந்த உலையின் வார்ப்பு என்பது கேள்வி. மாத்திரை செய்யும் இடத்தில் எந்தத் தொகுதி, யார் சரிபார்த்தார் என்பது கேள்வி. இதையே நம்ம கூட்டமைப்பின் யூனிட்டுகளுக்குக் கொண்டு வந்து யோசியுங்கள்.

நாப்கின் யூனிட்டில் எந்த நாளில் செய்த தொகுதி, கிருமி நீக்கும் பெட்டியில் எத்தனை நிமிஷம் இருந்தது, எந்தக் கடைக்குப் போனது. ஏதாவது புகார் வந்தால் அந்தத் தொகுதியை மட்டும் எடுத்துப் பார்க்கலாம், எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். சத்துமாவு, மசாலா, ஊறுகாய் செய்பவர்களுக்குத் தொகுதி எண், செய்த தேதி, காலாவதி தேதி பாக்கெட்டில் போட்டே ஆகணும். தேதியைப் போட்டால் காலாவதித் தேதியைத் திரையே கணக்குப் போட்டுத் தரும். தையல் யூனிட்டில் யார் எத்தனை பீஸ் தைத்தார், கை வைத்த வேலை எத்தனை, காலர் வேலை எத்தனை, கூலி எவ்வளவு. அக்காவும் தங்கச்சியும் மனஸ்தாபம் இல்லாமல் சாயங்காலமே பார்த்துக்கொள்ளலாம்.

நம்ம ஊர்த் தறிக்கு வருவோம். மாஸ்டர் வீவர் பாவும் ஊடை நூலும் எடை போட்டுக் கொடுப்பார். துணியாக எடை போட்டு வாங்குவார். நடுவில் சேதாரம் எவ்வளவு, கூலியில் எவ்வளவு பிடித்தார் என்பதில் எத்தனை வீட்டில் சண்டை! கணக்கு அவர் நோட்டில் மட்டும் இருப்பதுதான் காரணம். நூல் வாங்கும்போதே தராசோடு சேர்த்து ஒரு போட்டோ, எடை, தேதி. துணி கொடுக்கும்போது இன்னொரு போட்டோ, எடை, தேதி. நம்ம செல்போனில் ஒரு சின்னத் திரை. அவரிடமும் ஒரு பிரதி. ரெண்டு பக்கமும் ஒரே கணக்கு இருந்தால் பேச்சு மரியாதையாக நடக்கும். தறி நின்ற நாளுக்கும் காரணம் எழுதலாம். நூல் வரவில்லையா, கரண்ட் இல்லையா, உடம்பு சரியில்லையா என்று வருஷக் கடைசியில் கணக்கு இருந்தால், கூலி உயர்வு பேசும்போது கையில் ஒரு காகிதம் இருக்கும்.

கோயம்புத்தூர் முருகானந்தம் அவர்கள் நாப்கின் மெஷினைக் குழுப் பெண்களே ஓட்டிப் பழுது பார்க்கும்படி எளிமையாகச் செய்தார். அதனால்தான் அது கிராமம் கிராமமாகப் போனது. திரையும் அப்படி இருந்தால்தான் நம்மிடம் தங்கும்.

எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன்

ஒன்று: மெஷினை ஓட்டும், நிறுத்தும் வேலையை இந்தத் திரையிடம் கொடுக்காதீர்கள். பிரஸ் மெஷினில் ரெண்டு கையாலும் ரெண்டு பட்டனை அமுக்கினால்தான் அது இறங்கும், கை உள்ளே போகாமல் இருக்க அந்த ஏற்பாடு. அதையெல்லாம் படித்த இன்ஜினீயர் தனியாகச் செய்யணும். நம்ம திரை எழுதி வைக்கவும் காட்டவும் மட்டும்.

ரெண்டு: காசு. முதலில் இலவசம் என்று வரும். ஆள் எண்ணிக்கை கூடினால் ஆளுக்கு மாசத்துக்கு இவ்வளவு என்று கேட்கும். தொடங்கும் முன்பே கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள். கணக்கை எக்ஸெல்லாக இறக்கி வைக்க முடியுமா என்றும் கேளுங்கள். முடியாது என்றால் அந்தக் கருவி வேண்டாம். நம்ம கணக்கு நம்மிடம் இருக்கணும்.

மூணு: தேவையில்லாத தகவலை வாங்காதீர்கள். பீஸ் எண்ண ஆதார் எண் எதற்கு? 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. சட்டம் இருக்கட்டும், நம்ம மரியாதைக்கே ஒருத்தி போன் நம்பரை அவளைக் கேட்காமல் இன்னொருத்தருக்குக் காட்டக் கூடாது.

நாலு: திரை செய்யத் தெரிந்தவள் ஒருத்தி மட்டும் இருக்கக் கூடாது. அவள் கல்யாணமாகிப் போனாலோ, வேறு வேலைக்குப் போனாலோ திரை அநாதை ஆகிவிடும். எப்போதும் ரெண்டு பேர். என்ன விதி போட்டோம், ஏன் போட்டோம் என்று ஒரு நோட்டில் தமிழில் எழுதி வைக்கணும். பேரேட்டையும் உடனே தூக்கிப் போட வேண்டாம். ரெண்டு மூணு மாசம் நோட்டும் திரையும் ஒன்றாக நடக்கட்டும். ரெண்டும் ஒத்துப்போனால் பிறகு யோசிக்கலாம்.

கூட்டமைப்பிடம் ஒரு வேண்டுகோள்

பெரிசாக ஒன்றும் கேட்கவில்லை. நம்ம யூனிட்டுகளில் ஒன்றே ஒன்றை எடுங்கள். அதில் அதிகமாகச் சண்டை வரும் ஒரு நோட்டை எடுங்கள். அந்த நோட்டை எழுதும் அக்கா ஒருத்தர், செல்போன் நன்றாகப் பார்க்கும் தங்கச்சி ஒருத்தி, ரெண்டு பேரையும் சேர்த்து உட்கார வையுங்கள். முதல் வாரம் துண்டுச் சீட்டு மட்டும். ரெண்டாம் வாரம் காகிதத்தில் திரையை வரையுங்கள். எங்கே பட்டன், எங்கே கட்டம் என்று. மூணாம் வாரம் செல்போனில் செய்து பார்க்கலாம். லீவு நாளில் நானும் வருகிறேன். என்னைப் போல் கம்பெனியில் வேலை பார்க்கும் ரெண்டு பிள்ளைகளும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கம்பெனிக்குப் போகும் மகள்கள் உள்ள அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. சாயங்காலம் பிள்ளை வந்ததும் எத்தனை பீஸ் போட்டே என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். திரையில் என்னென்ன காரணம் இருக்கு, உன் காரணம் அதில் இருக்கா என்று கேளுங்கள். இல்லை என்றால், சீட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். தேதியோடு, மணியோடு. அடுத்த தடவை யாராவது திரையை மாற்ற வரும்போது அந்தச் சீட்டுக் கட்டு பேசும்.

தங்கச்சிகளுக்கு: எங்களுக்கு இங்கிலீஷ் வராது, டிகிரி இல்லை என்று ஒதுங்க வேண்டாம். கருவியை ஒரு மாசத்தில் கற்றுக்கொள்ளலாம். வேலையைத் தெரிந்துகொள்ள உங்களுக்கு வருஷங்கள் ஆகியிருக்கின்றன. அதற்குத்தான் விலை அதிகம். அதைத் தூக்கி வெளியே இருப்பவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் போட்ட பட்டனை மட்டும் அமுக்கிக்கொண்டு நிற்க வேண்டாம்.